ரோட்டோரத்துக் கொல்லை

ஜெகதீசனுக்கு மைக் கொடுத்தால் போதும், ஆளே மாறிவிடுவார். வீட்டில் நாலு வார்த்தை கேட்டால் இரண்டோடு நிறுத்திக்கொள்கிற மனுஷன், மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். மாசி மாதம் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் போய், தன் ஊரான புங்கேரியின் கை சங்கத்தைப் பற்றி வெளுத்து வாங்கிவிட்டார். "எங்க ஊர்ல மேல கீழன்றதே கெடையாது. என் கொல்லைக்கு அவங்க வராங்க, அவங்க கொல்லைக்கு நான் போறேன். ஒண்ணா குந்தி வேல செய்யறோம், ஒண்ணா குந்தி சாப்புடறோம்" என்றார். பிள்ளைகள் கைதட்டித் தீர்த்துவிட்டார்கள். வாத்தியார் ஒருவர் எழுந்து வந்து சால்வை போர்த்தினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தச் சால்வையை மடிக்க மனசில்லாமல் தோளிலேயே போட்டுக்கொண்டு வந்தார் என்று ஊரில் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். ஆனால் அவர் அங்கே பொய் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம்.

செய்யூர்ப் பக்கம் கொல்லையில், அதாவது புன்செய் நிலத்தில், வேர்க்கடலை போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். விதை கிடைக்கும், உரம் கிடைக்கும், ஆள் கிடைக்காது. விடிகிறதுக்குள் கம்பெனி பஸ் வந்து இளவட்டங்களை எல்லாம் மறைமலைநகருக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். மிச்சமிருப்பது நரைத்த தலைகளும் வலிக்கிற இடுப்புகளும்தான். ஒரு சித்திரையில் கோடை மழை முந்திக்கொண்டது. செடியைப் பிடுங்க ஆளில்லாமல், கடலை மண்ணுக்குள்ளேயே முளைவிட்டு நாசமாய்ப் போனது. ஊர்க்காரர்கள் சொந்தக் கொல்லையிலும் போனது, காலனிக்காரர்கள் குத்தகைக் கொல்லையிலும் போனது. மழை என்ன, தெரு பார்த்தா பெய்கிறது?

அந்த வருஷம்தான் காலனி ஜான்சன் பேச்சை எடுத்தான். லோடு வண்டி ஓட்டுகிறவன், வாய்த்துடுக்குக்காரன். "தனித்தனியா ஆள் தேடி பேஜார் ஆவறதுக்கு, நாமளே ஆளுக்கு ஆள் ஆயிட்டா இன்னா?" என்று கேட்டான். ஊரிலிருந்து சில வீடு, காலனியிலிருந்து சில வீடு. யார் கொல்லை முதலில் விளைந்ததோ அங்கே எல்லா வீடும் போய் இறங்கும். செடி பிடுங்கி, வேரிலிருந்து காய் ஆய்ந்து, மூட்டை கட்டிவிட்டு அடுத்த கொல்லைக்குப் போகும். கூலி கிடையாது. கைக்குக் கைதான் திருப்ப வேண்டும். கொல்லைக்குச் சொந்தக்காரர் சமைத்துப் போட, வரப்பு மேலே எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். காய்ச்சல், சாவு, நல்ல காரியம் என்று ஒருத்தர் வர முடியவில்லையா, ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பிறகு ஒரு நாள் வந்து கையைக் கழித்துக்கொள்ளலாம். கடலையை எல்லாம் ஒன்றாக ஜான்சன் வண்டியில் ஏற்றி மகாபலிபுரத்தில் அவித்த கடலை விற்கிற தள்ளுவண்டிக்காரர்களுக்கு நேராகவே போடுவார்கள். நடுவில் புரோக்கர் கிடையாது. இவ்வளவுதான் கை சங்கம்.

ஊர்ப்பக்கத்திலிருந்து முதல் ஆளாகத் தலையாட்டியவர் ஜெகதீசன். "அவரே போறாரு, நமக்கு இன்னா" என்றுதான் மற்ற வீடுகள் பின்னாலேயே வந்தன. அந்தப் பெருமை அவருக்கு உண்டு, அதில் பங்கு கேட்க யாரும் இல்லை. காலனிக்காரர்களின் குத்தகைக் கொல்லைகளுக்கும் அவர் தவறாமல் போனார். குந்திக்கொண்டு காய் ஆய்ந்தார். இளவட்டத்தில் ஒரே கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த காலனி முத்துசாமியும் அவருமாக ஒரே குவியலுக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்து, வெற்றிலை மென்றுகொண்டு, கம்பெனி நாட்களில் சூப்பர்வைசரை ஏமாற்றிய கதை எல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

அந்தக் கொல்லைகள் எல்லாம் ஏரிக்கு அந்தண்டை, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்தன. ரோட்டுக்குத் தெரியாது. அவர் குந்தியிருந்ததைப் பார்த்தது அந்த வீடுகளும் காக்காயும்தான். இது அவருக்கே அதுவரைக்கும் உறைத்ததில்லை.

போன வருஷம் முத்துசாமி சொந்தமாக நிலம் வாங்கினார். பிள்ளைகள் அனுப்பிய பணம், மனைவி பாப்பாவின் நகை, எல்லாம் போட்டு வாங்கியது. யாருடையதை? ஜெகதீசனுடைய பங்காளி ஒருவருடையதை. அவர் ஊரப்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கப் போகிற அவசரத்தில் விற்றார். முத்துசாமியின் அப்பா ஆயுசு முழுக்க ஆளாக வேலை பார்த்த அதே கொல்லை. ஊருக்குள் நுழைகிற ரோட்டோரம், பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே, டீக்கடையில் உட்கார்ந்தால் வரப்பில் ஊர்கிற எறும்பு வரைக்கும் தெரியும்.

அந்தக் கொல்லையில்தான் இந்தச் சித்திரையில் முதல் மகசூல் விளைந்து நின்றது. வருகிற திங்கட்கிழமை முத்துசாமி கொல்லை, வியாழக்கிழமை ஜெகதீசன் கொல்லை என்று சங்கத்தில் முடிவாகிவிட்டது.

சனிக்கிழமை காலையில் டீக்கடையில் தர்மராஜ் பிடித்துக்கொண்டான். ஜெகதீசனின் சித்தப்பா மகன். சங்கத்தில் சேராதவன். அதில் சேர்ந்தவர்களைக் கிண்டல் பண்ணுவதைத் தவிர வேறு வேலையும் இல்லாதவன்.

"இன்னா அண்ணாத்த, திங்கக்கெழம முத்துசாமிகிட்ட கூலிக்குப் போறியாமே?"

"கூலி இல்லடா. கை. அவன் எனக்குக் குடுக்கறான், நான் அவனுக்குக் குடுக்கறேன்."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பஸ்ல போறவனுக்குத் தெரியுமா? குந்திக்கினு ஆயற முதுகுதான் தெரியும்" என்றான் தர்மராஜ். சொல்லிவிட்டு டீயை உறிஞ்சிக்கொண்டு அந்தக் கொல்லையையே பார்த்தான். ஜெகதீசனும் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

கிண்டலாவது போகட்டும் என்று விட்டிருப்பார். மத்தியானம் ஊரப்பாக்கத்திலிருந்து போன் வந்தது. பக்தவத்சலம் பேசினார். அவருடைய மகள் திவ்யாவைத்தான் ஜெகதீசன் மகன் சரவணகுமாருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். "திங்கக்கிழமை நாள் நல்லாருக்கு சார். பதினோரு மணி வாக்குல நாங்க ரெண்டு பேரும் வீட்டைப் பார்க்க வரோம்" என்றார் பக்தவத்சலம். ஊருக்குள் வர அந்த ஒரு ரோடுதான். கார் அந்தக் கொல்லையைத் தொட்டுக்கொண்டுதான் வந்தாக வேண்டும்.

இப்போது ஜெகதீசன் செய்திருக்க வேண்டியது என்ன? ஜான்சனைக் கூப்பிட்டு, "டேய், சம்பந்தி வராங்க, என்னால முடியாது" என்று ஒரு வார்த்தை. தீர்ந்தது கதை. எல்லாரும் சந்தோஷமாக, "நல்லபடியா முடிச்சுட்டு வா அண்ணாத்த" என்று சொல்லியிருப்பார்கள். அதைத்தான் அவர் செய்யவில்லை. சொன்னால் என்ன ஆகும்? கை பாக்கி நிற்கும். வேறொரு நாள் அதே ரோட்டோரத்தில் வந்து குந்தச் சொல்வார்கள். அவருக்கு அந்த ஒரு நாள் மட்டும் தப்பித்தால் போதாது, அந்தக் கொல்லையில் குந்துவதிலிருந்தே தப்பிக்க வேண்டும். மனுஷன் மனசு இருக்கிறதே, அது தனக்கு வேண்டியதைச் செய்துகொண்டு அதற்கு நியாயம் என்று பெயர் வைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சவுக்கு வெட்டுகிற மேஸ்திரியிடம் போனார். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து தோப்பில் தங்கியிருந்த ஆட்களில் இரண்டு பேரைப் பேசினார். ஒரு நாள் கூலியை முன்னாலேயே கொடுத்தார். "காலைல முத்துசாமி கொல்லைக்குப் போங்க. ஜெகதீசன் அனுப்சாருன்னு சொல்லுங்க, போதும்" என்றார். வீட்டுக்கு வந்தபோது அவருக்கு மனசு லேசாகிவிட்டது. நம்முடைய நாலு கிழக் கைகளுக்குப் பதிலாக நாலு வாலிபக் கைகள் போகிறதே, முத்துசாமிக்கு லாபம்தானே என்று கூட நினைத்தார். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

அவர் மனைவி பிரபா நினைக்கவில்லை. திங்கட்கிழமை விடிகாலை, கொல்லைக்குப் போகப் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றவளிடம், "நீயும் போவாத. ஆள் அனுப்சிட்டேன்" என்றார்.

"இன்னா ஆளு?"

"கூலி ஆளு. ரெண்டு பேரு."

"கூலி ஆளா? கை சங்கத்துக்கா?" பிரபாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் பிடித்துக்கொண்டாள். "இன்னாய்யா வேல பண்ணிவெச்சிகீற? போன வருஷம் நம்ம கொல்லையில மழை வருதுன்னு பாப்பா, காய்ச்சல் ஒடம்போட வந்து புடுங்கினா. நான் வேணான்னு சொல்லியும் கேக்கல. அவ மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

"சம்மந்தி வராங்கடி."

"பதினோரு மணிக்குத்தான வராங்க? ஒம்போது வரிக்கும் ஆஞ்சிட்டு வந்து குளிச்சி சமைக்க மாட்டனா நானு? சம்மந்தி வரான்னு போய்ச் சொன்னா அவங்களே தொரத்திவுட மாட்டாங்களா?"

பதில் இல்லாதபோது ஆம்பிளைகள் செய்வதைச் செய்தார். குரலை உயர்த்தினார். "எனக்குத் தெரியும், நீ உள்ள போ" என்றார். பிரபா அந்தப் பழைய சேலையை அவிழ்த்து எறிந்த வேகத்தில் கொடிக்கயிறே அறுந்து விழுந்தது.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. ஜெகதீசன் வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். ஹாரன் கேட்டதும் ஸ்டூலிலிருந்து ஒரே குதியாகக் குதித்து, இரண்டு எட்டில் கேட்டுக்குப் போய்த் திறந்தார். பக்தவத்சலம் இறங்கினார், அவர் மனைவி இறங்கினார். அந்த அம்மாள் கையில் ஒரு மஞ்சள் பை. பையில் மண் வாசம் போகாத பச்சைக் கடலை.

"வழி கேக்கலாம்னு பஸ் ஸ்டாப்புல வண்டிய நிறுத்தினேன் சார்" என்றார் பக்தவத்சலம், ஒரே உற்சாகமாக. "உங்க பேரைச் சொன்னதும் எதிர்க் கொல்லையில இருந்து ஒருத்தர் எழுந்து வந்தாரு. முத்துசாமின்னாரு. அவர் சம்சாரம் இந்தப் பையைக் குடுத்துட்டாங்க, வேணான்னா கேக்கல. எல்லாரும் சேர்ந்து வேலை செய்யறீங்களாமே? நீங்கதான் ஆரம்பிச்சு வெச்சீங்கன்னு சொன்னாரு. மூட்டு வலி வந்துடுச்சாம் உங்களுக்கு, இல்லன்னா இந்நேரம் இங்கதான் குந்திக்கினு இருப்பாருன்னாரு. இப்ப மூட்டு எப்டி சார் இருக்கு?"

மூட்டு வலி என்று ஜெகதீசன் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் இரண்டு கூலி ஆட்கள் போய், 'ஜெகதீசன் அனுப்சாரு' என்று நின்றதும் முத்துசாமிக்கு எல்லாம் விளங்கியிருக்கும். விளங்கிய பிறகும், யாரோ காரில் வந்தவர்கள் முன்னால் அவர் மானம் போகக் கூடாது என்று, அந்த மனுஷன் நின்ற இடத்தில் ஒரு பொய்யைச் சொல்லி மூடியிருக்கிறார்.

"பரவால்ல சார். இப்ப கொஞ்சம் தேவல" என்றார் ஜெகதீசன். சொல்லிவிட்டு, உள்ளே நடக்கும்போது நொண்டினார்.

வேறென்ன செய்வது? நொண்டித்தான் ஆக வேண்டும். நொண்டிக்கொண்டே நாற்காலி போட்டார். நொண்டிக்கொண்டே மாட்டுக் கொட்டகையைக் காட்டினார். ஒரு தரம் மறந்துபோய் இடது காலுக்குப் பதிலாக வலது காலை நொண்டினார். பிரபா சமையல்கட்டு வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைப் பார்க்க அவரால் முடியவில்லை. ஸ்டூலிலிருந்து குதித்ததை பக்தவத்சலம் பார்த்திருப்பாரா, மாட்டாரா என்று வேறு உள்ளுக்குள் அரித்தது.

"நானும் காய் ஆஞ்சு வளர்ந்தவன்தான் சார்" என்றார் பக்தவத்சலம், சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது. "அச்சரப்பாக்கத்துல எங்க மாமா கொல்லை. லீவு விட்டா அதான் வேலை. இன்னிக்கு வெள்ளை வேட்டி கட்டிட்டு வந்துட்டேன், இல்லன்னா ரெண்டு செடி புடுங்கிட்டுத்தான் வந்திருப்பேன்."

சம்பந்தம் முடிந்துவிட்டது. வைகாசியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். கார் போன பிறகு ஜெகதீசன் கேட்டைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார். யாருக்குப் பயந்து இதைச் செய்தாரோ அந்த ஆள், கொல்லையில் குந்துவதைக் கேவலம் என்றே நினைக்கவில்லை. அப்படியானால் கேவலம் என்று நினைத்தது யார்? காரில் வந்தவர் இல்லை. பஸ்ஸில் போகிறவன் இல்லை. தர்மராஜ்கூட அவனாகச் சொன்னது கொஞ்சம்தான். வெட்கம் காதுமடல் வரைக்கும் ஏறிக் கொதித்தது. யாரும் இல்லாத வாசலில் தனியாக நின்றுகொண்டு ஒரு மனுஷன் அப்படி வெட்கப்பட முடியும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"போய்ச் சொல்லிட்டு வா" என்றாள் பிரபா. "இப்பவே போ. ஒரு வார்த்த."

"நாளிக்குப் போறேன்."

செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. புதன்கிழமையும் போகவில்லை. வியாழக்கிழமை நம் கொல்லைக்கு எப்படியும் வருவான், சாப்பிட உட்காரும்போது எல்லார் முன்னாலும் சொல்லிவிடலாம் என்று வைத்துக்கொண்டார். என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் கோர்வையாக ஒரு பேச்சுகூடத் தயார் செய்தார். மைக் பிடித்த பழக்கம், எங்கே போகும்?

வியாழக்கிழமை விடிந்தபோது கிழக்கே கடல் பக்கம் மேகம் திரண்டு கறுத்துக் கிடந்தது. பிரபா வேண்டுமென்றே பெரிய பானையை ஏற்றியிருந்தாள். மீன்குழம்பு, கத்திரிக்காய் வதக்கல், பாயசம். பாப்பாவுக்கு மீன்குழம்பு பிடிக்கும்.

ஒவ்வொரு வீடாக வந்தார்கள். ஊர் வீடுகள் வந்தன. ஜான்சன் வந்தான், அவன் மனைவி அன்பரசி வந்தாள். எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்கள். ஜெகதீசன் ரோட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வரப்பில் இரண்டு பேர் வந்தார்கள். முத்துசாமியும் பாப்பாவும் என்று நினைத்து முன்னால் போனார். அவர்கள் இல்லை. வந்தவாசி ஆட்கள். அவர் திங்கட்கிழமை அனுப்பிய அதே இரண்டு பேர்.

"முத்துசாமி அண்ணன் அனுப்சாரு சார்" என்றான் ஒருவன். சிரித்த முகம், அவனுக்கு ஒரு வஞ்சகமும் தெரியாது. "கூலி அவரே குடுத்துட்டாரு. நீங்க எதும் தர வேணாம். எந்தப் பக்கத்துல ஆரம்பிக்கணும்?"

கொல்லையில் எல்லாரும் குனிந்துகொண்டார்கள். ஒரு தலை நிமிரவில்லை. அவர்கள் நிமிர்ந்து சிரித்திருந்தால்கூட ஜெகதீசன் தாங்கியிருப்பார். அவரைப் பார்க்கக் கூடாது என்று பார்க்காமல் இருந்தார்களே, அதுதான் அவரை அறுத்தது.

அவர் ஜான்சன் பக்கத்தில் போய்க் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். "இன்னா ஜான்சா இது?" என்றார் மெதுவாக.

"எது இன்னா?"

"முத்துசாமி வரலியே."

"நீ ஆள் குடுத்த, அவரு ஆள் குடுத்தாரு. இதுல இன்னா தப்பு கீது?" ஜான்சன் மண்ணை உதறிக்கொண்டே சொன்னான். "நாங்கதான் கேட்டோம், ஒரு பேச்சு பேசிக்கலாமான்னு. வேணான்னுட்டாரு. 'அவருக்கு எப்டி வேணுமோ அப்டியே நானும் செஞ்சிடறேன், அவரு மனசு நோவக் கூடாது'ன்னாரு."

அன்பரசிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அவள் தலையைத் தூக்காமலேயே சொன்னாள். "மத்தவங்க எல்லாரும் வந்தாங்க அண்ணாத்த. உன் பின்னால சங்கத்துல சேந்தவங்க, ஊர்க்காரங்க, அத்தினி பேரும் ரோட்டப் பாத்துக்கினு குந்தி ஆஞ்சாங்க. மொதல் மகசூல்னு பாப்பாக்கா கோழி அடிச்சி கொழம்பு வெச்சாங்க. உனக்குன்னு ஒரு எல போட்டு வெச்சாங்க. வருவாருன்னு எடுக்கவே வுடல. கடசில அந்த எலையில இந்த ரெண்டு பேரையும் ஒக்கார வெச்சி சோறு போட்டாங்க."

ஜெகதீசன் தயார் செய்து வைத்திருந்த பேச்சில் ஒரு சொல்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. நாள் முழுக்க, யாரும் சொல்லாமல், ஒரு வேகத்தோடு பிடுங்கினார். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. மூட்டைகளை ஜான்சன் வண்டியில் ஏற்றி முடித்தபோதுதான் மழை பிடித்தது. ஒரு கடலைகூட வீணாகவில்லை. இந்தத் தடவை மகசூல் தப்பித்துவிட்டது. அடுத்த சித்திரைக்கும் இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் கூலி ஆட்கள்தான் போய் வருவார்களா, அதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. மீன்குழம்பில் பாதி மிஞ்சியது. பிரபா அதை மூடி வைத்துவிட்டு அவரோடு பேசாமல் போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. ஜெகதீசன் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். டீக்கடையில் தர்மராஜ் இருந்தான். "இன்னா அண்ணாத்த, காலங்காத்தால?" என்றான். அவர் நிற்கவில்லை. நேராக ரோட்டைத் தாண்டி, முத்துசாமியின் கொல்லையில் இறங்கினார்.

முத்துசாமி உடைந்த வரப்பை மண்வெட்டியால் அடைத்து, கடைசி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மண்வெட்டியைச் சாத்தி வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வாங்க ஐயா" என்றார்.

முத்துசாமியின் அப்பா ஜெகதீசனின் அப்பாவைக் கூப்பிட்டது அப்படித்தான், துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு. முத்துசாமி வாலிபத்திலிருந்தே அப்படிக் கூப்பிட்டதில்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போன காலத்திலிருந்து அண்ணாத்ததான். அவர் குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. மரியாதைதான் இருந்தது. வேறொன்றும் இல்லை.

"இன்னாய்யா இது, ஐயா கொய்யான்னுக்கினு" என்றார் ஜெகதீசன். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேன் முத்துசாமி. ரொம்ப அசிங்கமா கீது எனக்கு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க ஐயா. நீங்க ரெண்டு ஆள் அனுப்சீங்க, நானும் அனுப்சிட்டேன். கணக்கு நேராப் பூட்ச்சி. உங்களுக்கும் அதான் சௌகரியம்."

"நான் கை குடுக்க வந்துகீறேன். இன்னிக்கு முழுக்க இருக்கேன். இன்னா வேல கீதோ சொல்லு."

"வேல முடிஞ்சிடுச்சுங்களே" என்றார் முத்துசாமி. வரப்பையும் அவரே அடைத்து முடித்திருந்தார்.

ஜெகதீசன் சுற்றிப் பார்த்தார். செடியெல்லாம் போய் வெறும் கொல்லை. மழை மேல்மண்ணைக் கரைத்ததில், பிடுங்கும்போது அறுந்து மண்ணுக்குள் தங்கிப்போன காய்கள் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. அவர் சட்டென்று குந்தினார். ரோட்டைப் பார்க்கவே குந்தினார். ஒரு காயைக் கிளறி எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், துண்டை விரித்து அதில் போட்டார். கம்பெனி பஸ் ஒன்று வந்து ஸ்டாப்பில் நின்றது. ஜன்னலோரத்துப் பையன்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் ரோட்டு ஓரமாக நகர்ந்தார். எல்லாரும் பார்க்கட்டும், தர்மராஜ் பார்க்கட்டும், முத்துசாமி பார்க்கட்டும். சேற்றில் விரல் நுழைத்துத் துழாவி எடுத்துக்கொண்டே போனார். உடைந்த கொப்புளத்தில் சேறு பட்டு எரிந்தது. துண்டு நிறைய ஆரம்பித்தது. கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

முத்துசாமி வெகுநேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் வந்தார்.

"தப்புக் கடலை பொறுக்க யார் வேணா வரலாங்க ஐயா" என்றார். "அதுக்கு எங்கள ஒரு வார்த்த கேக்கணும்னுகூட இல்ல."

ஜெகதீசனின் கை மண்ணுக்குள் அப்படியே நின்றது. அறுப்பு முடிந்த கொல்லையில் தங்கிப்போன தப்புக் கடலை ஏழைபாழைகளுக்கு என்பது ஊர் வழக்கம். யாரும் இறங்கலாம், பொறுக்கலாம், பொறுக்கினதைக் கொண்டுபோகலாம். கொல்லைக்காரன் தடுக்கக் கூடாது. இவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே ரோட்டோரத்தில், காலனிப் பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு வந்து இறங்குவார்கள். பங்காளிகள் பங்கு பிரிக்காத அந்தக் காலத்தில் இவர் அப்பா வரப்பில் நின்றுகொண்டு, 'சரி, பொறுக்கிக்குங்க' என்று பெரிய மனசு பண்ணுவார்.

"நான் எனக்குப் பொறுக்கல முத்துசாமி. உனக்குத்தான். இது என் கை."

"அது எப்டீங்க? பொறுக்கினவங்களுக்குத்தான் அது. கை கணக்குல வராது" என்றார் முத்துசாமி பொறுமையாக. அவர் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். பாப்பா ஒரு உரப் பையை உதறிக்கொண்டு வந்தாள். ஜெகதீசனுக்கு நேரே நீட்டாமல், துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "துண்டு பத்தாதுங்க. இத்துல போட்டுக்கினு போங்க. பிரபாவ கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள். அதோடு திரும்பிப் போய்விட்டாள்.

வேண்டாம் என்று போட்டுவிட்டு வந்தால் அது இன்னொரு அவமானம், அதுவும் அவர்களுக்கு. ஜெகதீசன் பொறுக்கியதைப் பையில் கொட்டிக் கட்டினார். முத்துசாமி பையின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கித் தோளில் ஏற்றிவிட்டார். அந்த உதவியையும் மரியாதையாகத்தான் செய்தார்.

டீக்கடையைத் தாண்டி வந்தார். தர்மராஜ் வாய்விட்டு ஏதோ கேட்டான், காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிரபா அவர் கைச் சேற்றைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். நாலு நாளில் முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

"போனியா? வேல செஞ்சியா? இன்னா சொன்னாரு?"

"பொறுக்கினத எடுத்துக்கினு போவச் சொன்னாரு" என்றார் ஜெகதீசன்.